முப்பத்தைந்து வயதுக் குழந்தை

மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கிறவர்களுக்குச் சில சொற்கள் தொடர்ந்து தொல்லை கொடுக்கும். 'புத்திமாந்த்யம்' அப்படி ஒரு சொல். தமிழில் இதை 'மந்தபுத்தி' என்று எழுதிய காலம் ஒன்று உண்டு. பிறகு 'மனவளர்ச்சி குன்றியவர்' என்றோம். இப்போது அரசு ஆவணங்கள் 'அறிவுசார் குறைபாடுடையவர்' என்கின்றன. அவசரத்தில் சில பத்திரிகைகள் 'மனநோயாளி' என்றே போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகின்றன.

மனநோய் வேறு, இது வேறு. மனநோய் யாருக்கும் எந்த வயதிலும் வரலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. அறிவுசார் குறைபாடு பிறவியிலோ வளரும் பருவத்திலோ தொடங்குவது. கற்றுக்கொள்வதும், கணக்குப் போடுவதும், புதிய சூழலைப் புரிந்துகொள்வதும் மெதுவாகவே நடக்கும். மருந்து கொடுத்துப் போக்கக்கூடிய நோய் அல்ல அது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இவர்களின் எண்ணிக்கை சுமார் 15 லட்சம்.

பழந்தமிழிலும் இவர்களுக்குச் சொல் இருந்தது. புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் மனிதப் பிறவியில் நேரும் எட்டுக் குறைகளை அடுக்குகிறார். கூன், குறள், செவிடு ஆகியவற்றோடு 'மருள்' என்பதும் அந்த வரிசையில் இருக்கிறது. அறிவு மயக்கம் என்று அதற்குப் பொருள். இன்னொரு சொல் 'பேதை'. அறிவில்லாதவர் என்பது அதன் ஒரு பொருள். பெண்ணின் ஏழு பருவங்களில் முதலாவது, அதாவது ஐந்து முதல் ஏழு வயது வரையிலான சிறுமி என்பது இன்னொரு பொருள். எம்.ஏ. வகுப்பில் இதை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கியாயிற்று. அறிவு குறைந்தவரும் சிறு குழந்தையும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது எவ்வளவு பெரிய சங்கதி என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

இன்றும் நம் வழக்கம் அதுதான். முப்பது, நாற்பது வயதான ஒருவரைக் காட்டி, "அது குழந்தை மாதிரிங்க, ஒண்ணும் தெரியாது" என்கிறோம். அன்போடுதான் சொல்கிறோம். அந்த அன்பான வாக்கியம் அவர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதை நான் வசிக்கும் ஊரில் பார்த்தேன்.

விழிஞ்ஞம் என்ற பெயர் தமிழ் படித்தவர்களுக்குப் புதிதல்ல. ஆய் மன்னர்களின் துறை. பாண்டியரும் சோழரும் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்த ஊர் இப்போது சர்வதேசத் துறைமுகத்தால் பெயர் வாங்கியிருக்கிறது. 2025 மே 2ஆம் தேதி பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். ராட்சதக் கப்பல்கள் அங்கே வந்துபோகின்றன. நான் சொல்ல வந்த விஷயம் அதற்குப் பக்கத்திலிருக்கும் பழைய மீன்பிடித் துறையைச் சேர்ந்தது. தென்மேற்குப் பருவத்தில் மற்றக் கரைகளில் கடல் கொந்தளிக்கும்போது இந்தத் துறைதான் எல்லோருக்கும் அடைக்கலம். குமரி மாவட்டக் கரைக்கும் இந்தக் கரைக்கும் பெண் கொடுத்து எடுத்த உறவு உண்டு. ஒரே வாக்கியத்தில் பாதி தமிழும் பாதி மலையாளமும் புரளும்.

அப்படிக் குளச்சல் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர் எங்கள் தெருவிலிருக்கும் ஒரு அம்மா. கணவர் கடலோடு போய்விட்டார். மகன் ஒருவன். வயது முப்பத்தைந்து. பெயர் வேண்டாம், அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். அவனுக்கு அறிவுசார் குறைபாடு. பணம் எண்ண வராது, கிழமை சொல்ல வராது. ஆனால் எந்த வள்ளம் யாருடையது, எந்த மீன் எந்தக் காற்றில் வரும், ஐஸ் பெட்டியை எப்படி அடுக்கினால் சரியாது என்பதெல்லாம் அத்துப்படி. விடியற்காலை நாலு மணிக்குத் துறைக்குப் போய்விடுவான். ஒரு வியாபாரியிடம் பெட்டி சுமப்பது, ஐஸ் உடைப்பது, தரை கழுவுவது என்று வேலை. மற்ற ஆட்களுக்கு நூற்றுக்கணக்கில் கூலி. இவனுக்கு டீ, பொரோட்டா, கொஞ்சம் மீன், சட்டைப் பையில் ஒரு பத்து ரூபாய் நோட்டு. "சும்மா சுத்துறதுக்கு இது நல்லது மக்களே" என்று அம்மாவும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு வருஷத்துக்கு முன்பு அவன் முதுகில் கோடு கோடாகத் தடிப்புகள் தெரிந்தன. கேட்டால், "விழுந்தேன்." அடுத்த மாதம் தோள்பட்டையில் அதே மாதிரி. "விழுந்தேன் அக்கா" என்று என்னிடமும் சொன்னான். விழுந்தவனுக்கு முழங்காலில் அல்லவா சிராய்ப்பு இருக்க வேண்டும்? அம்மா துறைக்குப் போய் விசாரித்தார். "பாவம், சொல்றது அதுக்கே தெரியாது. எங்கயாவது முட்டிக்கிட்டிருக்கும்" என்று பதில் வந்தது. அதோடு பேச்சு முடிந்தது. ஏனென்றால் அம்மாவே இருபது வருஷமாக ஊரெல்லாம் சொல்லிவந்த வாக்கியம் அது.

என் தோழி ஒருவர் இப்படிப்பட்டவர்களுக்குக் கற்பிக்கும் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியை. அவர் வந்து அவனோடு அரை நாள் உட்கார்ந்தார். யார் அடித்தான் என்று அவர் கேட்கவே இல்லை. ஒரு தாளில் துறையைப் படமாக வரைந்துகொண்டு, விழுந்த அன்றைக்கு என்ன மீன் வந்தது என்று கேட்டார். "சூரை. நெறைய சூரை. ஐஸ் தீந்து போச்சு" என்றான். எங்கே நின்றாய்? காட்டினான். பக்கத்தில் யார்? காட்டினான். கையில் என்ன இருந்தது? எழுந்துபோய் எங்கள் வீட்டுத் தோட்டத்துக் குழாயில் மாட்டியிருந்த ரப்பர் ஹோஸைத் தொட்டுக் காட்டினான். பிறகு தானாகவே சொன்னான்: "விழுந்தேன்னு சொல்லு. இல்லன்னா நாளைக்கு வராத."

சூரை குவிந்து ஐஸ் தட்டுப்பாடு வந்த நாள் எது என்று துறையில் எல்லோருக்கும் தெரியும். ஏலக் கணக்கைப் பார்த்தால் தேதி கிடைத்துவிடும். அவனுடைய நாட்காட்டியில் எண்கள் இல்லை, மீன்கள் இருந்தன. அவ்வளவுதான் வித்தியாசம்.

விஷயம் ஊர்ப் பெரியவர்களிடம் போயிற்று. வியாபாரி மறுத்தார், பிறகு கோபத்தில் ஒன்றிரண்டு அடி என்றார், பிறகு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தார். "குழந்தை மாதிரி ஒருத்தனுக்காகக் கோர்ட்டு, கேஸுன்னு அலையணுமா?" என்று அம்மாவைச் சமாதானப்படுத்தினார்கள். அம்மாவும் ஒப்புக்கொண்டார். மகனின் பாதுகாப்புக்காக அவனை அதன் பிறகு துறைக்கு அனுப்பவில்லை. விடியற்காலையில் கதவை வெளியே பூட்டிவிட்டு அவர் மீன் விற்கப் போகிறார். அடித்தவர் வழக்கம்போல ஏலத்துக்கு வருகிறார். அடிபட்டவன் வீட்டுக்குள் இருக்கிறான். வேலையும் போயிற்று, விடியலும் போயிற்று, நண்பர்களும் போயினர். "துறைக்குப் போணும்" என்று ஜன்னல் வழியாக அவன் சொல்வது எனக்குக் கேட்கும். அவனுக்கு என்ன வேண்டும் என்று இந்தப் பஞ்சாயத்து முழுவதிலும் யாரும் அவனைக் கேட்கவில்லை.

இது ஒரு துறையின் கதை மட்டுமல்ல. உலக சுகாதார நிறுவனத்துக்காகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரை, உடல் அல்லது மனக் குறைபாடு உள்ள பெரியவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் ஒன்றரை மடங்கு அதிகமாக வன்முறைக்கு ஆளாகிறார்கள் என்றது. அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆர்., அந்நாட்டு நீதித் துறையிடமிருந்து பெற்ற வெளிவராத புள்ளிவிவரத்தை 2018இல் ஒலிபரப்பியது. அறிவுசார் குறைபாடுடையவர்கள் பாலியல் தாக்குதலுக்கு உள்ளாகும் விகிதம் ஏழு மடங்கு என்று அதில் தெரியவந்தது. விடுதிகளில் இருப்பவர்கள் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அவர்களையும் சேர்த்தால் எண் இன்னும் ஏறும்.

அடிக்கிறவர்கள் ஏன் இவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? பலவீனம் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. சொன்னால் நம்பமாட்டார்கள் என்ற தைரியம்தான் பெரிய காரணம். அந்தத் தைரியத்தை அவர்களுக்கு வழங்குவது நாம்.

இந்தியாவில் இந்த விவகாரம் மிக உயரமான இடத்துக்குப் போய் விவாதிக்கப்பட்ட சம்பவம் 2009இல் நடந்தது. சண்டிகரில் அரசு நடத்திய காப்பகத்தில் இருந்த ஒரு அநாதைப் பெண். வயது இருபதை ஒட்டி. லேசானது முதல் நடுத்தரம் வரையிலான அறிவுசார் குறைபாடு. 2009 மே மாதம் அவர் கர்ப்பமாக இருப்பது தெரியவந்தது. காப்பகத்துக்குள்ளேயே பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருந்தார். அதாவது, பாதுகாக்க என்று அரசு வைத்திருந்த இடத்திலேயே.

அரசு நிர்வாகம் கருவைக் கலைக்க அனுமதி கேட்டுப் பஞ்சாப்-ஹரியாணா உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. நீதிமன்றம் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. குழு அந்தப் பெண்ணிடம் பேசியது. தன் வயிற்றில் குழந்தை இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதைப் பெற்றுக்கொள்ள விரும்புவதாகச் சொன்னார். குழுவும் அதை நீதிமன்றத்திடம் தெரிவித்தது. இருந்தும் ஜூலை 17ஆம் தேதி, கலைத்துவிடலாம் என்று உத்தரவாயிற்று. ஒன்பது வயதுக் குழந்தையின் மனவயதுக்கு நெருக்கமானவர், அவருக்கு என்ன தெரியும் என்பது வாதம்.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கர்ப்பம் இருபதாவது வாரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைய சட்டப்படி கலைப்பதற்கு அதுதான் எல்லை. ஜூலை 21ஆம் தேதி உத்தரவுக்குத் தடை. காரணங்களை விளக்கும் தீர்ப்பு ஆகஸ்ட் 28இல் வந்தது. வழங்கியவர்கள் கேரளத்தைச் சேர்ந்த தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி பி. சதாசிவம், நீதிபதி பி.எஸ். சௌஹான் ஆகியோர்.

மொழிபெயர்ப்பாளர்கள் அவசியம் படிக்க வேண்டிய தீர்ப்பு அது. ஏனென்றால் வழக்கு முழுவதும் இரண்டு சொற்களின் வேறுபாட்டில் நின்றது. 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தில், பைத்தியம் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல் ஒன்று இருந்தது. அப்படிப்பட்ட பெண்ணுக்குப் பாதுகாவலர் சம்மதித்தால் போதும். 2002இல் திருத்தம் வந்தது. பழைய சொல் நீங்கி, 'மனநோயாளி' என்ற பொருளில் வேறு சொல் இடம்பெற்றது. அந்தச் சொல்லில் அறிவுசார் குறைபாடு சேராது என்று திருத்தம் வெளிப்படையாகவே சொன்னது. எனவே வயதுவந்த, அறிவுசார் குறைபாடுடைய ஒரு பெண்ணின் கருவைக் கலைக்க அவருடைய சொந்தச் சம்மதம் கட்டாயம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். இவர்கள் பிள்ளை பெறவே கூடாது என்று நினைத்துக் கட்டாய அறுவைச் சிகிச்சை செய்த பழைய இனமேம்பாட்டுக் கொள்கைகளையும் அது கண்டித்தது. பெண்ணையும் பிறக்கும் குழந்தையையும் கவனித்துக்கொள்வதாக நேஷனல் டிரஸ்ட் நீதிமன்றத்தில் உறுதியளித்தது.

அவசரத்தில் 'மனநோயாளி' என்று எழுதிவிடுவதால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கும் உதவி ஆசிரியர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்த வழக்குதான். ஒரு பெண்ணின் விருப்பம் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தப்பியது.

சண்டிகர் நிர்வாகத்தின் எண்ணம் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பெண்ணால் பிள்ளையை வளர்க்க முடியுமா என்ற கவலை நியாயமானதே. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஒருவன் அவருடைய சம்மதம் கேட்காமல் உடலைத் தொட்டான். பிறகு அவரைக் காப்பாற்ற வந்தவர்கள், அவர் வாய்திறந்து சொன்ன பிறகும் அதை ஒதுக்கிவிட்டு, அதே உடலைப் பற்றி முடிவெடுக்கப் பார்த்தார்கள்.

இதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் புணேயில் நடந்ததும் இதே ரகம். 1994 பிப்ரவரியில் சிரூர் அரசு விடுதியில் இருந்த, அறிவுசார் குறைபாடுடைய பெண்களைச் சசூன் மருத்துவமனைக்குக் கொண்டுவந்து கருப்பையை அகற்றினார்கள். பெண்கள் அமைப்புகள் கிளர்ந்தெழுந்து தடுப்பதற்குள் பத்துக்கும் மேற்பட்டோருக்கு அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது. மாதவிலக்கின்போது சுத்தமாக இருக்கத் தெரியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். கர்ப்பமாகிவிடுவார்கள் என்ற பயமும் மறைவாகப் பேசப்பட்டது. கருப்பையை எடுத்தால் கர்ப்பம் வராது, உண்மைதான். பலாத்காரம் நிற்குமா? நடந்ததற்கான தடயம்தான் இல்லாமல் போகும். சண்டிகரில் குற்றம் வெளியே வந்ததே கர்ப்பத்தால்தான் என்பதை இங்கே நினைத்துப்பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணுக்கு அறுவை. எங்கள் தெருவில் ஆணுக்குப் பூட்டு. அளவு வேறு, தர்க்கம் ஒன்று.

'மனவயது' என்ற கணக்கு நல்லெண்ணத்தோடும் பயன்படுத்தப்படுவதுண்டு. தில்லியில் முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவர். மூளை முடக்குவாதம். மனவயது ஆறிலிருந்து எட்டு என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அவர் பாலியல் வன்முறைக்கு ஆளானபோது, குழந்தைகளுக்கான போக்ஸோ சட்டத்தில் விசாரிக்க வேண்டும் என்று தாய் உச்ச நீதிமன்றம் வரை போனார். அந்தச் சட்டத்தில் விசாரணை மென்மையாக நடக்கும் என்பதுதான் அவர் கோரியதற்குக் காரணம். ஒரு தாயின் தவிப்பு அதில் புரிகிறது. 2017 ஜூலை 21ஆம் தேதி நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, ரோஹின்டன் நரிமன் அமர்வு கோரிக்கையை ஏற்கவில்லை. சட்டம் சொல்லும் வயது உடலின் வயதே, மனவயதைச் சேர்த்துப் படிக்க நீதிமன்றத்துக்கு இடமில்லை என்றது. வழக்கு நடக்கும்போதே குற்றம்சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் அந்தப் பெண்ணுக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

தீர்ப்பு கடினமாகத் தோன்றலாம். ஆனால் ஒருமுறை சட்டம் இவர்களைக் குழந்தை என்று எழுதிவிட்டால் என்னவாகும்? குழந்தையின் சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. திருமணம் இல்லை, வேலை ஒப்பந்தம் இல்லை, வாக்கு இல்லை. சண்டிகர் பெண் "வேண்டும்" என்று சொன்னதும் செல்லாது. அந்தத் தாய்க்குத் தேவைப்பட்டது மென்மையான விசாரணை. அதைக் கொடுக்க, வயதுவந்த ஒருவரைக் குழந்தையாக்க வேண்டியதில்லை.

வழி ஏற்கெனவே இருக்கிறது. தில்லி சம்பவத்துக்குப் பின் 2013இல் குற்றவியல் சட்டங்கள் திருத்தப்பட்டபோது, இவர்களைப் பற்றிச் சில நல்ல விதிகள் சேர்க்கப்பட்டன. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் உடல் அல்லது மனக் குறைபாடுடையவராக இருந்தால், போலீஸ் அவருடைய வீட்டுக்கோ அவர் விரும்பும் இடத்துக்கோ போய்ப் புகாரை எழுத வேண்டும். சிறப்பாசிரியரோ மொழிபெயர்ப்பாளரோ உடனிருக்க வேண்டும். வீடியோ எடுக்க வேண்டும். மாஜிஸ்திரேட் முன் இப்படிக் கொடுக்கும் வாக்குமூலமே முதல் விசாரணையாகக் கொள்ளப்படும்; கூண்டில் ஏறி எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டாம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டங்களிலும் இந்த விதிகள் தொடர்கின்றன. 2021இல் பார்வையற்ற ஒரு பெண்ணின் வழக்கில், உலகத்தை வேறு விதமாக அறிகிறார் என்பதற்காக ஒருவரின் சாட்சியத்தைத் தரக்குறைவாக எடைபோடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மீனை வைத்து நாளைச் சொல்பவனுக்கும் அது பொருந்த வேண்டும்.

சட்டம் மாறினாலும் மூடிய கதவுகளுக்குள் அது நுழைவதில்லை. விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இயங்கிய அன்புஜோதி ஆசிரமத்தின் கதை 2023 பிப்ரவரியில் வெளியே வந்தது நினைவிருக்கும். மனநோயாளிகள், அறிவுசார் குறைபாடுடையவர்கள், ஆதரவற்றவர்கள் எல்லோரும் ஒன்றாக அங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள். அடித்தார்கள், சங்கிலியால் கட்டினார்கள், குரங்கை விட்டுக் கடிக்கவைத்தார்கள், பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள் என்று குற்றச்சாட்டுகள் குவிந்தன. 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் போயிற்று. இவ்வளவும் எப்படி வெளிப்பட்டது? அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று வெளியிலிருந்த ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு போட்டார். அதனால்தான் போலீஸ் உள்ளே போனது. அங்கே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கும் வாய் இருந்தது. கேட்க ஆள் இல்லை.

பணக்கார நாடுகளிலும் இதே நிலைதான். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துக்கு அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனை. அறிவுசார் குறைபாடுடைய பெரியவர்களுக்கானது. அங்கே நடக்கும் கொடுமைகளைப் பற்றி ஒரு மூத்த செவிலியர் நிர்வாகத்திடமும் கண்காணிப்பு அமைப்பிடமும் சொல்லிப்பார்த்தார். அசையவில்லை. பி.பி.சி. செய்தியாளர் ஒருவர் ஊழியராகச் சேர்ந்து ரகசியக் காமிராவில் படமெடுத்தார். 2011 மே 31ஆம் தேதி அது ஒளிபரப்பான பிறகுதான் நாடு திகைத்தது. பதினொரு ஊழியர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆறு பேர் 2012இல் சிறைக்குப் போனார்கள். காமிரா சொன்னால் நம்புகிற உலகம், அடிபட்டவர் சொன்னால் நம்பத் தயங்குகிறது.

அப்படியானால் என்ன செய்வது? பதிலின் ஒரு பகுதி எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. விழிஞ்ஞத்தை ஒட்டியுள்ள வெங்ஙானூர், அய்யன்காளி பிறந்த ஊர். ஒடுக்கப்பட்ட குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்த காலத்தில், 1904இல் அவர் தாமே அங்கே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2004இல் அதே வெங்ஙானூர்ப் பஞ்சாயத்தில்தான் கேரளத்தின் முதல் 'பட்ஸ்' பள்ளி வந்தது. அறிவுசார் குறைபாடுடையவர்களுக்காகக் குடும்பஸ்ரீ அமைப்பும் உள்ளாட்சிகளும் சேர்ந்து நடத்தும் பள்ளிகள் இவை. இப்போது மாநிலம் முழுவதும் இருக்கின்றன. பதினெட்டு வயதைத் தாண்டியவர்களுக்குத் தனியாகப் பட்ஸ் மறுவாழ்வு மையங்களும் உண்டு. காலையில் வருவார்கள், மாலையில் வீட்டுக்குப் போவார்கள்.

இதில் முக்கியமான சங்கதி சோப்பு செய்யவும் குடை தைக்கவும் கற்றுக்கொடுப்பது மட்டுமில்லை. காலையில் ஒருவர் வருவதையும் அவர் கையில் காயம் இருப்பதையும் குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவர் தினமும் பார்க்கிறார். ஒரு நாள் வராவிட்டால் ஏன் என்று கேட்கிறார். வீடு, விடுதி, வேலையிடம் மூன்றிலுமே அடிப்பவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர்கள். எனவே அந்த வட்டத்துக்கு வெளியே நம்பிப் பேச ஒரு முகமாவது தேவை. என் தோழி தன் மாணவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது இரண்டு சொற்கள்: "வேண்டாம்", "தொடாதே." வீடுகளில் நாம் இவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது நேர் எதிரானது. சொன்னதைக் கேள், எதிர்த்துப் பேசாதே, மாமா கூப்பிட்டால் போ. முப்பது ஆண்டுகள் இப்படிப் பழக்கிவிட்டு, ஆபத்தில் ஏன் கத்தவில்லை என்று கோர்ட்டில் கேட்கிறோம்.

இன்னொரு பகுதி 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அதன் ஏழாவது பிரிவு அதிகம் பேருக்குத் தெரியாது. ஒரு மாற்றுத்திறனாளியை யாராவது துன்புறுத்துகிறார்கள், சுரண்டுகிறார்கள், அல்லது அப்படி நடக்கப்போகிறது என்று நம்பக் காரணம் இருந்தால், யார் வேண்டுமானாலும் நிர்வாக மாஜிஸ்திரேட்டிடம், அதாவது நம் பேச்சில் ஆர்.டி.ஓ.வோ தாசில்தாரோ, அவரிடம் தகவல் கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கலாம். வாசகரும் கொடுக்கலாம். கொடுமையை நிறுத்தவும் பாதிக்கப்பட்டவரை மீட்கவும் அவர் உத்தரவிட வேண்டும். 92ஆம் பிரிவு தண்டனைகளைச் சொல்கிறது: அவமதிப்பது, அடிப்பது, பொறுப்பில் இருந்துகொண்டு சோறு தண்ணீர் கொடுக்காமலிருப்பது போன்றவற்றுக்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை.

அந்த ஏழாவது பிரிவில் ஒரு சின்ன நிபந்தனை உண்டு. பாதிக்கப்பட்டவரைப் பாதுகாப்பில் வைக்கலாம், ஆனால் அவர் விரும்பினால் மட்டுமே. சட்டம் எழுதியவர்கள் இந்த வார்த்தைகளை யோசித்துத்தான் போட்டிருக்க வேண்டும். இவ்வளவு நேரம் நான் சொல்லிவந்தது எல்லாம் அந்த ஒரு நிபந்தனைக்குள் அடங்கிவிடுகிறது. இவர்களுக்கு உதவி வேண்டும். சிலருக்கு வாழ்நாள் முழுவதும் வேண்டும். சிலரால் பேசவே முடியாது. முகத்தைத் திருப்புவதும் சோற்றைத் தள்ளுவதும்தான் அவர்களுடைய பேச்சு. அதையும் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். உதவி வேண்டியவர் என்பதால் விருப்பம் இல்லாதவர் ஆகிவிடமாட்டார்.

அம்மாவிடம் இந்தச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். வியாபாரிமேல் நடவடிக்கை எடுக்க அவருக்கு இன்னும் பயம்தான். துறையில்தான் அவருடைய பிழைப்பும் இருக்கிறது. வற்புறுத்தும் உரிமை எனக்கில்லை. ஆனால் ஒன்று கேட்டேன்: இதையெல்லாம் அவனிடம் ஒருமுறை சொல்லிப்பாருங்களேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "அவன்கிட்டயா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கேக்கலாம் மக்களே, அவன் துறைக்குத்தான் போணும்பான். அப்ப நான் என்ன செய்ய?" என்றார்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் தயாராகப் பதில் இல்லை. வேறு ஒரு வியாபாரியிடம் பேசலாம், கூலியை அம்மா கையில் கொடுக்கச் சொல்லலாம், பக்கத்திலிருக்கும் மறுவாழ்வு மையத்தில் இடம் கேட்கலாம். எல்லாமே நடக்கக்கூடியவை, எல்லாமே அலைச்சல். பூட்டு போடுவது எளிது. ஆனாலும் அம்மா கேட்டது சரியான கேள்வி. அவன் என்ன விரும்புவான் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு என்ன செய்வது என்று அவர் யோசித்த முதல் தடவை அது.